வாசலைப் பார்த்த கடா

முரசுமோட்டையில் காணி கிடைத்துக் குடிவந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு என்று இருந்தது ஓர் அறை, ஒரு விறாந்தை, பின்பக்கம் ஒரு குசினி. எல்லாம் மண் சுவர். யாழ்ப்பாணத்துப் பக்கத்தில் நான் பிறந்த வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசியிருக்கும். அதில் கரிக்கோடு ஒன்று விழுந்தாலும் அம்மா குட்டுவா. இங்கே சுவரும் என்னுடையது, அடுப்புக் கரியும் என்னுடையது. முதல் வருடமே கீறத் தொடங்கிவிட்டேன்.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் பெயரை இன்றைக்கும் மெல்லத்தான் எழுதுவேன். இதை எழுதி முடிக்கவே பல நாள் சென்றது. ஆனால் ஒரு மாட்டையோ மனுசரையோ ஒருதரம் வடிவாகப் பார்த்துவிட்டேனென்றால் அது என் கையில் வந்துவிடும். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். எனக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

கறுப்புக்குக் கரி. வெள்ளைக்குச் சுண்ணாம்பு. சிவப்புக்குச் செங்கல்லை உரலில் போட்டு இடித்து அரித்தெடுத்த தூள். மஞ்சள் வீட்டிலேயே இருந்தது. பச்சைக்கு அவரையிலையைக் கசக்கிப் பிழிவேன், அது இரண்டு மாதத்தில் பழுப்பாகிவிடும். விளாமரத்துப் பிசினை ஊறவைத்துக் கலந்தால் கை பட்டாலும் நிறம் ஒட்டாது. பனைமட்டை நுனியைக் கல்லில் வைத்து அடித்து நாராக்கினால் தடித்த கோட்டுக்கு அது போதும். மெல்லிய கோட்டுக்கு ஈர்க்கு.

கண்ணுக்கு முன்னால் இருந்ததைத்தான் கீறினேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு வயலுக்குப் போகிற என் புருசன். அவருடைய இடக்கால் பெருவிரலில் நகம் இல்லை, படத்திலும் இல்லை. வாய்க்காலில் குளிக்கமாட்டேன் என்று அழுகிற மூத்தவள். வேலியில் வந்து இருக்கிற மயில். எங்களோடு இருந்த மச்சாள், அவருடைய தமக்கை, நெல்லுக் குத்துகிறா. குத்தும்போது கதைத்துக்கொண்டே இருப்பா, ஆகவே வாயைத் திறந்தபடியே கீறினேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு கோயிலுக்குப் போகிற வழியில் படம் பார்க்க வந்த பெண்களுக்கு, அது நான்தான் என்று தானே காட்டிக்கொடுத்தா.

பார்க்க வருகிறவர்கள் எதையாவது சொல்லுவார்கள். மயிலின் கழுத்து இவ்வளவு நீளமோ என்பார்கள். வேலியில் வந்து இருக்கும்போது அளந்து பாருங்கள் என்று நான் சொல்லுவேன். இல்லாததை நான் கீறுகிறதில்லை என்று எத்தனை பேருக்குச் சொன்னேனோ கணக்கில்லை. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் என் வாய் பழகியது.

என் சீதனத்தில் வந்தது ஒரு சோடி எருமைக்கடா. என்னைப் பெற்ற ஐயா பூநகரிப் பக்கம் போய் நாம்பனாக, இளங்கடாவாக வாங்கி, தன் குறியைச் சுட்டு, நடத்தியே கொண்டுவந்து தந்தவர். ஐயாவின் குறி ஒரு வட்டம், அதன் கீழே ஒரு கோடு, அகப்பைபோல. நுகத்தில் வலப்பக்கம் பூட்டுகிற கடாவை வலத்தான் என்றும் மற்றதை இடத்தான் என்றும் கூப்பிடுவோம். வலத்தானுக்குத்தான் குணம் இருந்தது. சேற்றில் மற்றது படுத்துவிட்டாலும் அது நின்று இழுக்கும். இடக்காதில் ஒரு வெட்டு, வால் குஞ்சத்தில் கொஞ்சம் வெள்ளை. எங்கள் ஆறு பேரின் சோறும் அந்த இரண்டின் காலில்தான் இருந்தது. வயலை உழுது சேறாக்கி மிதிக்க அதுகளை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை.

வாசலுக்கு வலப்பக்கத்துச் சுவரில் பெரிய இடம் ஒன்று கிடந்தது. அதில் வலத்தானைக் கீறினேன். அது காலையில் எப்படிப் போகுமோ அப்படியே, வயல் பக்கம் தலையை நீட்டிக்கொண்டு. வயல் எங்கள் வீட்டுக்கு வலப்பக்கம். ஆகவே படத்தில் அதன் வலப்பக்கம் முழுதும் தெரிந்தது. வயிறு, வலத்தொடை, தொடையில் ஐயாவின் குறி. நாள் முழுக்கச் சென்றது. பின்னேரம் மச்சாள் விறகோடு வந்து பார்த்துவிட்டு விறகுக் கட்டை இறக்கவேயில்லை.

"மாட்டை வாசலுக்குப் பின்பக்கம் காட்டியோ கீறுறது? வெளியாலை பாத்த மாடு வீட்டிலை தங்காது. தலை வாசலைப் பாத்து நிக்கவேணும், உள்ளை வாறமாதிரி."

எங்கள் பக்கத்திலும் அப்படி ஒரு வழக்கம் இருந்ததுதான். கோலத்தில் போடுகிற மாட்டுக்கும் முகம் வீட்டைப் பார்த்தே இருக்கும். நான் நினைக்கவில்லை. அவர் வந்ததும் கேட்டேன். அக்கா சொல்லுறா, திருப்பிவிடு என்றார். அடுத்த நாள் களிமண்ணும் சாணமும் குழைத்து அந்தக் கடாவின் மேல் பூசி மெழுகினேன். காய இரண்டு நாள் விட்டேன். பிறகு தலையை வாசல் பக்கம் வைத்துத் திரும்பக் கீறினேன்.

திருப்பிக் கீறினதில் ஒரு நன்மையும் இருந்தது. இப்போது இடப்பக்கம் தெரிந்ததால் காதில் இருந்த வெட்டை நன்றாகக் காட்டலாம். வால் வெள்ளையும் முதல் படத்தைவிட வடிவாக வந்தது. குறியில்தான் கை நின்றது. குறி வலத்தொடையில். இந்தப் படத்தில் வலத்தொடை சுவருக்குள் போய்விட்டது. குறியில்லாமல் விட்டால் அது கட்டாக்காலி மாடு, சொந்தக்காரன் இல்லாத மாடு. என் ஐயா நடத்திக் கொண்டுவந்த மாட்டை அப்படி விட எனக்கு மனமில்லை. அரை நாள் யோசித்துவிட்டு, தெரிகிற தொடையில் வட்டத்தையும் கோட்டையும் சுண்ணாம்பால் வைத்தேன். அவர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு வயலுக்குப் போனார். ஒருநாளும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டதற்கு, படம்தானே என்று நினைத்தேன் என்றார்.

இரண்டு வருடம் போனது. ஒரு மாரியில், விதைப்பு முடிந்து கடாக்களை மேய விட்ட நாட்களில், இடத்தான் தனியே வீட்டுக்கு வந்தது. அவர் குளத்துக் காடு முழுக்கத் தேடினார். அட்டை கடித்த காலோடு வருவார், சாப்பிட்டுவிட்டு அடுத்த நாளும் போவார். பல நாள் தேடிவிட்டு, சிறுத்தை அடித்திருக்கும் என்று விட்டுவிட்டார். வாசலைப் பார்த்து நின்ற கடாவை நான் பார்க்காமலே உள்ளே போய் வந்தேன்.

பங்குனியில், வேலிக்குத் தடி வெட்டப் போனவர் ஓடி வந்தார். குளத்துக்கு அந்தப் பக்கம், நாங்கள் வருமுன்னமே குடியிருக்கிற பழைய ஊர்க்காரர் ஒருவரின் எருமை மந்தையில், சேற்றுக் கிடங்கில், வலத்தானைக் கண்டாராம். அந்த ஊர்க்காரர் பெரிய மனுசன். மந்தையில் எத்தனை நிற்கிறது என்று அவரே சொல்லமாட்டார், அதுகள் காட்டிலேயே பிறந்து காட்டிலேயே வளர்கிறவை. கள்ளன் என்று அவரை யாரும் சொல்லமுடியாது, நானும் சொல்லமாட்டேன். தன்னுடைய மாடு என்றுதான் அவர் மனதார நம்பினார். அவருடைய குறியிலும் ஒரு வட்டம், அதன் மேலே ஒரு வளைவு. அவர்கள் எல்லா மாட்டுக்கும் வலத்தொடையில்தான் சுடுவார்கள். கடாவின் தொடையில் காட்டு முள்ளோ கொம்போ கிழித்துப் புண்ணாகி ஆறியிருந்தது. தழும்பில் வட்டம் மட்டும் தெரிந்தது. கோடும் இல்லை, வளைவும் இல்லை.

குறியும் சொந்தக்காரன் பெயரும் எழுதித் தருகிற மாட்டுச் சீட்டு இருந்தால் அதோடு முடிந்திருக்கும். அதைப் பத்திரப்படுத்தினது நான். சாமிப் படத்தின் பின்னால் செருகி வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் கறையான் தின்று, உதறினதும் தூளாகக் கொட்டியது.

குளத்துத் தண்ணீர் திறக்கிற நாள் கிட்டிக்கொண்டிருந்தது. கோடையில் சிறுபோகம் செய்வதானால் தண்ணீர் வந்ததும் உழவேண்டும், தண்ணீர் ஒருவருக்காகவும் நிற்காது. ஒற்றைக் கடாவை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது. அவர் எங்கள் பகுதிக்கு அரசாங்க ஆளான விதானையாரிடம் போய் முறைப்பாடு சொன்னார்.

விதானையார் குடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு காலமை வந்தார். கதிரையை வேப்பமரத்தின் கீழே போட்டோம். பழைய ஊர்க்காரர் தன் ஆட்களோடு கடாவைக் கொண்டுவந்திருந்தார். அதோடு பழகின ஐந்து எருமைகளும் பின்னால் வந்து நின்றன. அவர் என் புருசனுக்குத் தம்பி என்றும் எனக்குத் தங்கச்சி என்றும் மரியாதையாகத்தான் கதைத்தார். கூப்பிட்டுப் பார்க்கட்டும் என்று விதானையார் சொன்னார். நான் பின்னேரத்தில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன். ஆறு மாடும் தலையைத் தூக்கின. அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். விதானையார் சிரிக்கவில்லை.

மச்சாள்தான் முன்னுக்கு வந்தா. சீட்டுப் போனால் போகட்டும், கடாவைக் குறி காதோடு சுவரில் கீறி வைத்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றா. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஊரார் எத்தனை பேர் பார்த்துப் போன சுவர், இன்றைக்கு அரசாங்க மனுசன் பார்க்கப்போகிறார். நானே முன்னால் நடந்து கூட்டிக்கொண்டு போனேன். விதானையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது உள்ளதை உள்ளபடி கீறினதோ பிள்ளை?"

"ஓம் ஐயா. நான் இல்லாததைக் கீறிறேல்லை. ஒரு மயிரும் பிசகாது."

இடக்காதைப் பார்த்தார், திரும்பி மாட்டின் காதைப் பார்த்தார். அதே இடத்தில் அதே வெட்டு. காட்டில் மேய்கிற மாட்டுக்குக் காது கிழியாமல் இருக்குமோ என்று ஊர்க்காரர் சொன்னார். விதானையார் வாலைப் பார்த்தார். வெள்ளை அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருந்தது. ஊர்க்காரர் மாட்டின் வாலைக் கையில் எடுத்துத் தானும் பார்த்தார். என் புருசன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். விதானையாரின் முகம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கடாவைக் கட்டக் கயிறு எங்கே கிடக்கிறது என்றுகூட நினைத்துவிட்டேன்.

ஊர்க்காரர் சுவருக்குக் கிட்ட வந்து குனிந்தார். பிறந்த நாளிலிருந்து மாட்டோடு நின்ற மனுசன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"விதானையார், குறியைப் பாத்தியளோ? இந்த மாட்டுக்கு வலத்தொடையிலை கிடக்கு. தங்கச்சியின்ரை மாட்டுக்கு இடத்தொடை."

எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இரண்டு வருடம் வெள்ளையாக அங்கேயே இருந்த குறி. இன்றைக்குத்தான் முதல்முறை கண்டதுபோல இருந்தது.

"அது குறி தெரியவேணும் எண்டு இந்தப் பக்கம் போட்டனான் ஐயா," என்றேன்.

"அப்ப இல்லாததைக் கீறியிருக்கிறாய்."

விதானையார் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. என் புருசன் இடத்தானின் வலத்தொடையில் இருந்த ஐயாவின் குறியைக் காட்டினார், சோடியில் ஒவ்வொன்றுக்கு ஒவ்வொரு பக்கம் சுடுகிறவர்களும் உண்டு என்று ஊர்க்காரர் சொன்னார். மச்சாள் இடையில் விழுந்து, தான்தான் திருப்பிக் கீறச் சொன்னது, முதல் படத்தில் வலப்பக்கம்தான் தெரிந்தது, அது இந்த மண்ணுக்குக் கீழேதான் கிடக்கிறது என்று அழாக்குறையாகச் சொன்னா. மண்ணுக்குக் கீழே கிடக்கிறதைத் தான் எப்படி எழுதுவது என்று விதானையார் கேட்டார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. குசினி வாசலில் கிடந்த சிரட்டையை எடுத்து வந்து சுவரைச் சுரண்டத் தொடங்கினேன். முதலில் மெல்ல. இரண்டாம் பூச்சு மட்டும் உரியவேண்டும், கீழே இருக்கிறது நிற்கவேண்டும். முதல் படத்தில் குறி எந்த இடம் என்று எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தேன். வாசல் பக்கத்துத் தலை கொட்டுண்டது. முதல் படத்தின் பின்பக்கம் அங்கேதான் இருந்தது. காது கொட்டுண்டது, கழுத்து கொட்டுண்டது. மேல் மண்ணும் கீழ் மண்ணும் ஒன்றாய்ப் பிடித்துக் கட்டி கட்டியாக விழுந்தன. கீழே கரி தெரிந்தது. கரி மட்டும். மெழுகும்போது சாணத் தண்ணீரில் ஊறிக் கரைந்த கரி, ஒரு மேகம் மாதிரி. வட்டம் எங்கே, கோடு எங்கே, ஒன்றும் இல்லை. நான் இன்னும் சுரண்டினேன். சுவருக்குள் கட்டியிருந்த வரிச்சுத் தடி தெரிந்தது.

"விடு பிள்ளை," என்றார் விதானையார்.

அவர் கதிரைக்குத் திரும்பிப் போய் எழுதினார். சீட்டு இல்லை, குறி ஒத்துவரவில்லை என்று வாசித்துக் காட்டினார். என் புருசன் கையெழுத்து வைத்தார். படம் கீறினது நான் என்பதால் நானும் வைக்கவேண்டுமாம். பெருவிரலை வைக்கலாம் என்றார்கள். நான் வைக்கவில்லை, பெயரை எழுதினேன். எழுதி முடிக்கும்வரை எல்லோரும் காத்து நின்றார்கள். கையில் மண் இருந்தபடியால் தாளில் அதுவும் ஒட்டியது.

கடாவை அவிழ்த்துக்கொண்டு போகிறபோது ஊர்க்காரர் திரும்பி வந்தார். உழவுக்கு ஒரு கிழமை ஒரு கடாவை விடுகிறேன் தம்பி, மனம் நோகாதே என்றார். என் புருசன் வேண்டாம் என்று தலையாட்டினார். வலத்தான் வேலிப் படலை வாசலில் ஒருதரம் நின்றது. பழகின இடம் என்று நின்றதோ, பின்னால் வந்த மாடு முட்டுமட்டும் நின்றதோ, நான் சொல்லமாட்டேன். ஒருதரம் இல்லாததைச் சொன்னது போதும்.

தண்ணீர் திறந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் மண்வெட்டியால் கொத்தினோம். மச்சாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டா. வரப்போரத்தில் நிற்கிற இடத்தானை என் கண் ஒவ்வொரு தரமும் தேடும், வேலையில்லாமல் அது நின்ற நிலையைப் பார்க்கத் தாங்காது. வயலில் பாதிதான் விதைத்தோம். மற்றப் பாதிக்கு நாங்கள் வருமுன்னம் தண்ணீரை மறித்துவிட்டார்கள். அந்தப் பாதியில் கோரை முளைத்தது.

அவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். ஒருநாள் வரப்பில் இருந்து சாப்பிடும்போது, கையில் சோற்றை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இஞ்சேர், முதல் கீறினதிலை நீ வலத்தொடையிலைதானே போட்டனீ?"

"ஓம்," என்றேன்.

அந்த ஓம் கொஞ்சம் பிந்தி வந்தது. அவருக்கும் அது விளங்கியிருக்கும். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை.

கடாவின் குறி எந்தத் தொடையில் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கலப்பை பிடித்துப் பின்னால் நடந்தவர், வலப்பக்கத்தில் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டே எத்தனை தரம் வயலைச் சுற்றினாரோ. கண்ணை மூடும்வரைக்கும் வலம் என்றுதான் சொன்னார். சந்தேகம் எனக்குத்தான். தைப்பொங்கலுக்குச் சுவர் மெழுகினபோது அந்த இடத்தையும் மண் வைத்து நிரவி மெழுகினேன். மற்றப் படங்களைச் சுற்றி விட்டு மெழுகினேன், அதில் மட்டும் ஒன்றும் கீறவில்லை. பிறகும் எத்தனையோ கீறினேன். பேரப்பிள்ளைகளை, பஸ்ஸை, பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகளை. மாடும் கீறினேன். குறி வைக்கிறதில்லை. கட்டாக்காலியோ என்று கேட்டால் ஓம் என்பேன்.

என் கண்ணைப் பற்றி எவ்வளவு கதைத்தவள் நான். அந்த வீடும் இப்போது இல்லை, அந்தச் சுவரும் இல்லை. கண்ணை மூடினால் வலத்தான் வருகிறது. காதில் வெட்டு இருக்கிறது, வாலில் வெள்ளை இருக்கிறது, சேறு காய்ந்த வயிறு இருக்கிறது. திருப்பிப் பார்க்கிறேன், சுற்றிப் போய்ப் பார்க்கிறேன். எத்தனை தரம் பார்த்தாலும் குறி இடத்தொடையில்தான் நிற்கிறது, வெள்ளையாக, நான் சுண்ணாம்பால் வைத்த இடத்தில்.